சுபேதார் சாரின் உளவு நாவல்: ஒரு எடிட்டரின் நாட்குறிப்பு

அக்டோபர் 9

ஜனவரி புத்தகக் காட்சிக்குள் வந்தாக வேண்டும் என்று சொல்லிப் பதிப்பாளர் ஒரு கைப்பிரதியைக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார். உளவு நாவல். எழுதியவர் நங்கநல்லூரில் இருக்கும் ஓய்வுபெற்ற சுபேதார், பட்டாளத்தில் சிக்னல்ஸ் பிரிவு. வேலை நடக்க நடக்க இங்கே எழுதிக்கொள்ள அவரே சரி சொல்லிவிட்டார். பெயர் மட்டும் இப்போதைக்கு வேண்டாமாம்.

கதை இதுதான். எல்லையில் காணாமல் போன ஒரு தமிழ்க் கேப்டன் சில மாதங்கள் கழித்துத் திரும்பி வருகிறான். பரங்கிமலை ராணுவ அதிகாரிகள் பயிற்சி அகாடமியில் அவனுக்கு வேலை கிடைக்கிறது. துறைமுகத்துக்கு வெளியே நங்கூரம் போட்டு நிற்கும் கப்பலில் ஒரு வெளிநாட்டு விஞ்ஞானி. அவர் சுவிட்சைத் தட்டினால் ரேடியோ அலை பாயும், கேப்டனின் கண் நிலைகுத்தும். ரகசியக் காகிதங்களை எடுத்துப்போய் மெரினாவில் சுண்டல் விற்பவனிடம் கொடுப்பான். விடிந்தால் எதுவும் ஞாபகம் இருக்காது.

ஒயர்லெஸ் சமாசாரம் வரும் இடமெல்லாம் பிரமாதம். ஆன்டெனா உயரம், இரவில் அலை தூரம் போவது, பேட்டரி ஈரத்தில் படுத்துக்கொள்வது எல்லாம் தொட்டுப் பார்த்தவர் எழுத்து. கேப்டன்தான் இடிக்கிறான். சுவிட்ச் ஒருவர் கையில் இருந்துவிட்டால் அவனால் துரோகமும் செய்ய முடியாது, எதிர்த்து நிற்கவும் முடியாது. முந்நூறு பக்கத்துக்கு வாசகன் யாரைப் பார்த்துப் பயப்படுவது?

அக்டோபர் 12

நேரில் போய்ச் சொன்னேன். சார் கோபப்படவில்லை, ஃபில்டர் காபியை ஆற்றிக்கொண்டே கேட்டார். "தம்பி, அமெரிக்காக்காரன் இதையெல்லாம் நிஜமாவே செஞ்சு பார்த்திருக்கான். நான் கதை விடலை."

"செஞ்சு பார்த்தாங்க சார். பலிச்சுதான்னு பார்க்கணுமே."

"அப்போ பார்த்துட்டு வாங்க" என்றார். உத்தரவு போட்டே பழகிய குரல்.

அக்டோபர் 16

எழும்பூர் கன்னிமாராவில் பாதி நாள், வீட்டில் கணினியில் மீதி.

சார் சொன்னது உண்மைதான். மூளைச்சலவை என்ற பேச்சை 1950இல் எட்வர்ட் ஹண்டர் என்ற பத்திரிகையாளர் அமெரிக்காவில் பரப்பினார். அதே ஆண்டு தொடங்கிய கொரியப் போரில் பிடிபட்ட அமெரிக்க விமானிகள், கிருமிக் குண்டு போட்டோம் என்று வாக்குமூலம் கொடுத்தார்கள். நம் பையன்களை என்னவோ செய்துவிட்டார்கள் என்று வாஷிங்டன் பதறியது. எதிரியிடம் ஒரு ரகசிய முறை இருக்கிறது, நமக்கும் அது வேண்டும் என்ற அவசரத்தில் சிஐஏ 1953இல் எம்கே அல்ட்ரா திட்டத்தைத் தொடங்கியது. நடத்தியவர் சிட்னி காட்லீப் என்ற வேதியியலாளர். எல்எஸ்டி என்ற போதை மருந்து, ஹிப்னாடிசம், மின் அதிர்ச்சி என்று கைக்குக் கிடைத்ததையெல்லாம் முயன்றார்கள். ராணுவ உயிரியல் ஆய்வகத்தில் வேலை பார்த்த ஃபிராங்க் ஓல்சன் குடித்த மதுவில் சொல்லாமல் எல்எஸ்டியைக் கலந்தார்கள். சில நாட்களில் அவர் நியூயார்க் ஹோட்டல் ஜன்னலிலிருந்து விழுந்து இறந்தார்.

1973இல் கோப்புகளை அழிக்கச் சொல்லி உத்தரவு. ஆனால் கணக்குப் பிரிவில் கிடந்த பெட்டிகள் தப்பித்துவிட்டன. 1977இல் சுமார் 20,000 ஆவணங்கள் அப்படித்தான் வெளியே வந்தன. ஒற்றர்கள் மறந்தாலும் கணக்குப்பிள்ளை விடமாட்டார் போல.

இத்தனை செலவிலும் சொன்னதைச் செய்யும் பொம்மை மனிதன் ஒருவனும் கிடைக்கவில்லை. உடைந்து போனவர்கள்தான் கிடைத்தார்கள்.

அக்டோபர் 20

சாருக்குப் போன் செய்து ஜேம்ஸ் ஸ்டான்லி கதையைச் சொன்னேன். அமெரிக்கத் தரைப்படை சார்ஜன்ட். ரசாயனப் போருக்கான பாதுகாப்பு உடைகளைச் சோதிக்கிறோம் என்றதும் 1958இல் தானாக முன்வந்தவர். அவருக்குத் தெரியாமல் எல்எஸ்டி கொடுத்தார்கள். அப்புறம் காரணம் புரியாத மனக்கலக்கம், குடும்பமும் பிரிந்தது. 1975இல் ராணுவத்திலிருந்து ஒரு கடிதம்: அன்று எல்எஸ்டி சோதனையில் பங்கேற்றவர்களை மறுபடி பரிசோதிக்கிறோம், நீங்களும் வாருங்கள். அதைப் படித்துத்தான் அவருக்கே விஷயம் தெரிந்தது. வழக்குப் போட்டார். பணியில் இருக்கும்போது நடந்ததற்கு நஷ்டஈடு கேட்க முடியாது என்று 1987இல் உச்ச நீதிமன்றம் 5க்கு 4 என்ற கணக்கில் தள்ளிவிட்டது.

மறுமுனையில் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு சொன்னார்: "எங்களுக்குச் சொல்லாம கலக்கவே வேண்டாம் தம்பி. டம்ளரை நீட்டி குடிடான்னா குடிச்சிருப்போம்."

இந்த வரி நாவலில் வரவேண்டும் என்றேன். நாவலில் விஞ்ஞானிதான் முக்கியம் என்று சொல்லிப் போனை வைத்துவிட்டார்.

அக்டோபர் 23

மழை. கரண்ட் இல்லை. மெய்ப்பு பார்க்கவில்லை.

அக்டோபர் 28

இன்று படித்ததைச் சாருக்கு அப்படியே எழுதி அனுப்பினேன். இங்கேயும் போடுகிறேன். என் கட்சி முழுவதும் இதில்தான் இருக்கிறது.

திரும்பி வந்த விமானிகளை விசாரித்து ஆல்பர்ட் பிடர்மேன் என்ற சமூகவியலாளர் 1957இல் ஒரு கட்டுரை எழுதினார். மருந்து இல்லை, ஹிப்னாடிசம் இல்லை, அலை இல்லை. தனியாகப் போட்டு வைப்பது, தூங்க விடாமல் எழுப்புவது, மணிக்கணக்கில் நிற்க வைப்பது, எப்போதாவது ஒரு சின்னச் சலுகை காட்டுவது, அற்ப விதிகளுக்கெல்லாம் கீழ்ப்படிய வைப்பது. எல்லாம் எந்த ஊர் லாக்கப்புக்கும் புதிதில்லாத பழைய வித்தைகள். ரகசிய முறை என்று சிஐஏ தேடியது அங்கே இருக்கவே இல்லை.

பிடிபட்ட சாதாரண அமெரிக்கச் சிப்பாய்களிடம் சீன முகாம்களில் நடந்தது இதைவிட மென்மையானது, அதனால்தான் எனக்கு அதிகம் உறைக்கிறது. கட்டுரைப் போட்டி வைத்தார்கள். பரிசு சில சிகரெட்டோ கொஞ்சம் பழமோதான். அமெரிக்காவில் எல்லாமே சரியாக இருக்கிறதா என்று கேட்டால் யார்தான் ஆமாம் என்பார்கள்? சரி, எது சரியில்லை என்று நாலு வரி எழுது. எழுதினான். அதைக் குழுவில் வாசி. வாசித்தான். பிறகு அது முகாம் வானொலியில் வருகிறது, அவன் பெயரோடு. யாரும் அடிக்கவில்லை. கையெழுத்தும் அவனுடையதுதான். இனி அதை மறுப்பதைவிட நம்பிவிடுவது சுலபம்.

ஆக, சுவிட்ச் வேண்டாம். கேப்டனுக்கு ஒரு நோட்டும் பேனாவும் போதும்.

அக்டோபர் 30

சாரின் பதில் வாட்ஸ்அப்பில் வந்தது: "கட்டுரைப் போட்டியை வைத்து யாராவது திரில்லர் எழுதுவானா?" கூடவே ஒரு கும்பிடு எமோஜி.

நவம்பர் 4

வேறு எதையோ தேடப்போய் நம்ம ஊரிலேயே வந்து முட்டிக்கொண்டேன்.

கொரியப் போர் நின்றதும் இரு தரப்பிலும் சொந்த நாட்டுக்குத் திரும்ப மாட்டோம் என்ற கைதிகள் இருந்தார்கள். ஐநா தரப்பு பிடித்து வைத்தவர்களில் மட்டும் 22,000க்கும் மேல். அவர்களைக் காவல் காத்தது இந்தியப் படை. நடுநிலை நாடுகள் குழுவின் தலைவர் ஜெனரல் திம்மையா. தென்கொரிய மண்ணில் இந்தியச் சிப்பாய் கால் வைக்கக்கூடாது என்று அதிபர் சிங்மன் ரீ பிடிவாதமாக நின்றதால், நம் ஆட்களை ஹெலிகாப்டரில் தூக்கிக்கொண்டுபோய் இடைப்பட்ட பகுதியில் இறக்கினார்கள். அங்கே கூடாரம் போட்டு, கைதியை அழைத்து, அவன் நாட்டு அதிகாரிகள் உட்கார்ந்து வா வா என்று பேசுவார்கள். பேச்சு முடிந்ததும் இரண்டு வழி: ஒன்றில் போனால் ஊருக்கு, மற்றதில் போனால் திரும்பவும் முகாமுக்கு. முகாமுக்குள் கைதிகளில் சிலரே தலைவர்களாக இருந்து, ஊருக்குப் போக ஆசைப்பட்டவர்களை மிரட்டினார்கள், சிலரைக் கொன்றும் போட்டார்கள். எதிர்ப்பக்கம் தங்கிய 23 அமெரிக்கர்களில் இரண்டு பேர் மனம் மாறிக் கிளம்ப, 21 பேர் சீனா போனார்கள். மூளைச்சலவை என்றது அமெரிக்கா. நானே விரும்பித்தான் போகிறேன் என்றார்கள் அவர்கள்.

எந்தப் பக்கமும் வேண்டாம் என்று 88 பேர் இருந்தார்கள். பெரும்பாலும் கொரியர்கள், கொஞ்சம் சீனர்கள். 1954 பிப்ரவரியில் அவர்களை அஸ்டூரியாஸ் கப்பலில் ஏற்றி இந்தியாவுக்குக் கொண்டுவந்தார்கள். கப்பல் வந்து நின்ற இடம் மதராஸ் துறைமுகம்! இங்கிருந்து டெல்லி, பிறகு பலர் பிரேசில், அர்ஜென்டினா.

சாருக்கு உடனே போன் போட்டேன். "அந்த 88 பேர்ல யார் ஒற்றன்னு யாருக்குத் தெரியும்?" என்றார். குரலே மாறியிருந்தது.

நவம்பர் 11

புது அத்தியாயங்கள் வந்துவிட்டன. வெளிநாட்டு விஞ்ஞானி காலி. இப்போது கதை 1954இல் தொடங்குகிறது. கப்பலிலிருந்து இறங்கும் ஒரு கொரியனைக் கவனிக்க மூன்று பேர் போடப்பட்டிருக்கிறார்கள். ஒருவரை ஒருவர் தெரியாது. இது எங்கிருந்து வந்தது என்று கேட்டேன். "ஒற்றாடல் அதிகாரம் படிச்சதில்லையா? மூணு பேர் சொல்றதும் ஒத்துப்போனாத்தான் நம்பணும்னு வள்ளுவர் எழுதி வச்சிருக்கார்" என்றார் பெருமையாக. நல்ல யோசனை, ஆனால் மூன்று பேருமே நம்பகமானவர்களாக இருக்கிறார்கள். ஒருவனையாவது கெடுக்கச் சொல்லியிருக்கிறேன்.

அந்தக் கொரியனின் மகன் காலத்தில்தான் கேப்டன் வருகிறான். சிறைப் பகுதியைச் சார் புதிதாக எழுதியிருக்கிறார். தூங்க விடாத இரவுகள் நன்றாக வந்திருக்கின்றன. கட்டுரைப் போட்டியும் இருக்கிறது! பரிசாகச் சிகரெட்டுக்குப் பதில் ஊறுகாய் பாட்டில் வைத்திருக்கிறார். மெஸ் சாப்பாட்டில் வருஷக்கணக்காக நாக்கு செத்தவருக்குத்தான் இது தோன்றும்.

ரேடியோ அலையை மட்டும் விட மாட்டேன் என்கிறார். கடைசியில் ஒருவழியாகப் பேசி முடித்தோம்: அலை வரும், ஆனால் வெறும் முகாம் வானொலியாக. கேப்டன் எழுதிய நாலு வரி அவன் குரலிலேயே எல்லைக்கு இந்தப் பக்கம் கேட்கும். பிடித்துக் கேட்பவன் ஒரு சிக்னல்ஸ் ஹவில்தார். அந்த ஹவில்தார் யார் என்று நான் கேட்கவில்லை.

நவம்பர் 17

இன்னும் தீராத ஒரே சண்டை கடைசி அத்தியாயம். ராணுவ விசாரணையில் கேப்டனைக் கேட்கிறார்கள்: உன்னை என்ன செய்தார்கள்? மருந்து கொடுத்தார்கள் என்று சொல்லிவிட்டால் தப்பித்துவிடலாம். வக்கீல் அதைத்தான் சொல்லச் சொல்கிறார். சாரின் பிரதியில் கேப்டன் அப்படியே சொல்லிவிட்டு வெளியே வருகிறான், குடும்பத்தோடு வடபழநி முருகன் கோயிலுக்குப் போகிறான், சுபம்.

நான் அந்தப் பக்கத்தில் பென்சிலால் கோடு போட்டு, "ஒன்றும் கொடுக்கவில்லை, நானேதான் எழுதினேன்" என்று அவன் சொன்னால் என்ன ஆகும் என்று எழுதி அனுப்பினேன். இரவு பத்து மணிக்கு மேல் போன். "அப்படிச் சொன்னா கோர்ட் மார்ஷல்ல அவன் கதை முடிஞ்சுது தம்பி. பென்ஷன் போயிரும். பொண்டாட்டி பிள்ளை என்ன ஆகும்னு யோசிச்சீங்களா?"

யோசிக்கவில்லை என்றேன். பென்ஷன் பற்றி ஒரு அத்தியாயம் எழுதுகிறேன், வெள்ளிக்கிழமை வரை பொறுங்கள் என்றார். பதிப்பாளரிடம் கெடுவை இரண்டு நாள் தள்ளி வைக்கச் சொல்லியிருக்கிறேன்.