வெள்ளைப் புகையா, புகையே இல்லையா: ஸ்பிதியின் காசாவில் ஒரு ஜனவரிக் காலை

ஜனவரியில் இமாச்சலப் பிரதேசத்தின் ஸ்பிதிப் பள்ளத்தாக்குக்குப் போக மணாலி வழி கிடையாது. குன்சும் கணவாய் பனியில் மூடிக் கிடக்கும். சிம்லா, ராம்பூர், ரெக்காங் பியோ, நாக்கோ, தாபோ என்று ஆற்றை ஒட்டியே சுற்றிக்கொண்டுதான் காசா போய்ச் சேர வேண்டும். அந்த வழியின் அழகைப் பற்றி நிறையப் பேர் எழுதிவிட்டார்கள். நான் நாமக்கல்லில் லாரிப் பட்டறைகளுக்கு நடுவே வளர்ந்தவன். மைனஸ் 20 டிகிரியில் டீசல் வண்டிகள் எப்படி ஸ்டார்ட் ஆகின்றன, என்ஜினுக்குள் போகும் காற்றைச் சூடாக்கும் இன்டேக் ஹீட்டர் அவற்றுக்குத் தேவையா என்று பார்க்கத்தான் விடியற்காலையில் கம்பளியைச் சுற்றிக்கொண்டு கடைத்தெருவுக்குப் போனேன்.

நாங்கள் வந்த பொலேரோவின் டிரைவர் கின்னௌர்க்காரர். சாவியைப் பாதி திருப்பி, டேஷ்போர்டில் மஞ்சள் சுருள் விளக்கு அணையும் வரை காத்திருந்தார். மறுபடியும் அதையே செய்துவிட்டு அப்புறம்தான் செல்ஃப் அடித்தார். கொஞ்சம் இருமி, பிடித்துக்கொண்டது. பக்கத்தில் ஒரு டிப்பர். செல்ஃப் முனகுகிறது, சைலன்சரில் வெள்ளைப் புகை கொட்டுகிறது, பற்ற மாட்டேன் என்கிறது. அதற்கும் அப்பால் ஒரு பிக்கப். அதில் என்ஜின் நன்றாகவே சுற்றுகிறது, ஆனால் துளிப் புகை இல்லை.

இந்த இரண்டும் ஒரே நோய் இல்லை. டீசல் என்ஜினில் தீப்பொறி கிடையாது. காற்றை 16, 18 மடங்கு அமுக்கும்போது எழும் சூடுதான் டீசலைப் பற்றவைக்க வேண்டும். சூடேறிய என்ஜினில் அது 500 டிகிரியைத் தாண்டும். விடிய விடியக் குளிர்ந்த இரும்பு அந்தச் சூட்டில் கணிசமான பகுதியை உறிஞ்சிவிடும். ஆயில் கெட்டி, பேட்டரி சோர்வு, அதனால் பிஸ்டனும் மெதுவாக ஏறும். மெதுவாக ஏறினால் சூடு கசிய இன்னும் நேரம் கிடைக்கும். காசா உயரத்தில் காற்றழுத்தமும் கடல்மட்டத்தில் இருப்பதில் மூன்றில் இரண்டு பங்குக்குக் கிட்டத்தட்டத்தான்.

வெள்ளைப் புகை என்றால் டீசல் உள்ளே போகிறது, எரியவில்லை என்று அர்த்தம். காற்றைச் சூடாக்கும் ஹீட்டருக்கு வேலை இங்கேதான். மேனிஃபோல்ட், அதாவது என்ஜினுக்குக் காற்று போகும் குழாய், அதன் வாயில் கரண்ட் அடுப்பின் சுருள் மாதிரி ஒரு கம்பி வலை. காற்று அதைத் தொட்டுக்கொண்டு உள்ளே போகும். 5.9 லிட்டர் கம்மின்ஸ் பி சீரிஸ் போன்ற லாரி என்ஜின்களில், பொலேரோவில் மஞ்சள் விளக்கு காட்டிய க்ளோ பிளக் (சிலிண்டருக்குள்ளேயே சூடேறும் முனை) இருக்காது, இதுதான். 100 ஆம்பியருக்கு மேல் இழுக்கும் என்பதால் முதலில் ஹீட்டர், பிறகு செல்ஃப் என்பதுதான் முறை.

டிப்பர்காரர்களிடம் இருந்தது அதைவிடப் பழைய ஏற்பாடு. ஏர் ஃபில்டர் குழாயைக் கழற்றிவிட்டு, கம்பியில் சுற்றிய மண்ணெண்ணெய்த் துணியைக் கொளுத்தி வாயருகே பிடித்தார் கிளீனர் பையன். இன்னொருவர் செல்ஃப் அடித்தார். நெருப்பின் சூட்டை என்ஜின் உறிஞ்சி, பெரிய சத்தத்தோடு பற்றிக்கொண்டது. பார்க்கத் திகில்தான். இதற்குப் பதில், சட்டென்று தீப்பற்றும் ஈதர் ஸ்ப்ரேயை அடிப்பவர்களும் உண்டு. ஹீட்டரோ க்ளோ பிளக்கோ உள்ள வண்டியில் அதை அடித்தால் மேனிஃபோல்டே வெடிக்கலாம்.

பிக்கப் கதை வேறு. அது கீழே சமவெளியில் டேங்கை நிரப்பிக்கொண்டு வந்த வண்டி. டீசலில் மெழுகு இருக்கிறது. குளிரில் அது திரண்டு ஃபில்டரை அடைத்துவிடும். நம் நாட்டுத் தரக்குறியீடே, டீசல் ஓட்டம் நிற்கும் வெப்பநிலை குளிர்காலத்தில் 3 டிகிரி வரை, கோடையில் 15 டிகிரி வரை இருக்கலாம் என்கிறது. அந்த டீசலை இங்கே கொண்டுவந்தால் எந்த ஹீட்டரும் காப்பாற்றாது. எரிய வேண்டியதே வந்து சேரவில்லையே! லடாக், கார்கில், காசா, கேலாங் போன்ற இடங்களின் இந்தக் கஷ்டத்துக்காகத்தான் இந்தியன் ஆயில் 2019 நவம்பரில் மைனஸ் 33 வரை உறையாத குளிர்கால டீசலை முதலில் லடாக்கில் கொண்டுவந்தது. பிக்கப்காரர் தகரத்தட்டில் தணலை அள்ளி டேங்குக்கு அடியில் தள்ளினார், ஃபில்டருக்குச் சுடுதண்ணீர்த் துணி சுற்றினார். வெயில் நன்றாக ஏறிய பிறகுதான் வண்டி அசைந்தது.

ஆக, காருக்கும் ஜீப்புக்கும் இன்டேக் ஹீட்டர் தேவையில்லை என்பதே என் கட்சி. க்ளோ பிளக்கின் முனை டீசல் பீச்சும் இடத்திலேயே 1000 டிகிரியை நெருங்குகிறது, அது போதும். ஆனால் சிலிண்டருக்கு ஒன்றாக இருக்கும் எல்லாமே வேலை செய்ய வேண்டும். நாமக்கல் வெயிலில் இரண்டு செத்துக் கிடந்தாலும் வண்டி கிளம்பிவிடும், யாருக்கும் தெரியாது, நாக்கோவில் தெரிந்துவிடும். க்ளோ பிளக் இல்லாத பெரிய என்ஜினுக்கு, பூஜ்யத்தை ஒட்டிய குளிரில் ஹீட்டர் இல்லாமல் சமாளிக்கலாம். மைனஸ் 15, 20 என்றால் எனக்கு வேண்டும், எரியும் துணியோடு விளையாட எனக்குத் தைரியம் போதாது.

பொலேரோவுக்கு ஹீட்டர் மாட்டுவீர்களா என்று டிரைவரிடம் கேட்டேன். அந்தக் காசுக்குப் புது பேட்டரி வாங்குவேன் என்றார். இருக்கிற பேட்டரியையே ராத்திரி கழற்றித் தன் கட்டிலுக்கு அடியில் வைத்துக்கொண்டு தூங்குகிறவர் அவர்.