மெலிந்ததும் பருத்ததும் ஒரே இனம்தான்

சாளக்கிராமத்தைப் பிளந்தால் தெரியும் சுருளை ஆச்சிமார் சக்கரம் என்பார்கள். நேபாளத்துக் கண்டகி ஆற்றிலிருந்து வரும் அந்தக் கருங்கல்லில் பெரும்பாலும் இருப்பது ஜுராசிக் கால அம்மோனைட், அதாவது சுருள் ஓட்டோடு வாழ்ந்து அற்றுப்போன கடல் உயிரின் புதைபடிவம். இங்கே பேசப்போவது அதற்குப் பிந்திய கிரெட்டேசியஸ் காலத்து ஷ்லோன்பாகியா. சுமார் 10 கோடி ஆண்டுகளுக்கு முன், இங்கிலாந்து முதல் கஜகஸ்தான் வரை பரந்திருந்த வடக்குக் கடல்களில் வாழ்ந்து அற்றுப்போன பேரினம் அது.

1817-இல் ஆங்கில இயற்கை ஆய்வாளர் சோவர்பி இதன் ஓர் இனத்துக்கு வேரியன்ஸ் என்று பெயர் வைத்தார். 'மாறிக்கொண்டே இருப்பது' என்று பொருள். பொருத்தமான பெயர். தட்டையாக, மெல்லிய வரிகளோடு ஒன்று இருக்கும். பக்கத்திலேயே பந்துபோல் உப்பி, முரட்டுக் குமிழ்களோடு இன்னொன்று. வெளி விளிம்பில் ஓடும் வரப்பு மட்டும் இரண்டுக்கும் பொது. இந்த இரண்டை மட்டும் பார்த்தவர் தனித்தனிப் பெயர் வைப்பார். அப்படித்தான் பெயர்கள் பெருகின. ஒரே படுகையிலிருந்து, அதாவது ஒரே பாறை அடுக்கிலிருந்து வந்த ஐம்பதை வரிசையாக வைத்தால், எந்த இடத்தில் கோடு கிழிப்பது என்றே தெரியாது.

உடல் பருக்கப் பருக்க அலங்காரமும் முரடாகும். இந்த இணைப்பை ஆங்கில அம்மோனைட் ஆய்வாளர் பக்மன் கவனித்தார். 1966-இல் வெஸ்டர்மன் அதற்கு பக்மன் விதி என்று பெயரிட்டார். அமெரிக்காவின் மவுரி களிப்பாறையில் கிடைத்த நியோகாஸ்ட்ரோப்ளைட்ஸ் அம்மோனைட்டுகளிலும் மெலிந்த வழவழப்பு உருவிலிருந்து பருத்த முள் உரு வரை இதே தொடர்ச்சி உண்டு. ரீசைடும் கோப்பனும் 1960-இல் அதை விரிவாகக் காட்டினார்கள்.

இனம் பிரிக்கும் வேலைக்கு ஒரே படுகையிலிருந்து குறைந்தது 30 உருப்படி வேண்டும். சரிவில் உருண்டு கிடந்ததைச் சேர்க்கக்கூடாது. அது எந்தப் படுகையிலிருந்து வந்தது என்று சொல்ல முடியாது. களிமண் ஒட்டியிருந்தால் முதலில் நிழலில் நன்றாகக் காயவிட்டு, பிறகு தண்ணீரில் போடுங்கள், தானே உதிரும். ஈரத்தோடு ஊறப்போட்டால் பிசுபிசுவென்று பிடித்துக்கொள்ளும். பித்தளை விளக்குக்குப் புளி போடுகிற கை இங்கே நிற்க வேண்டும்: புளி, எலுமிச்சை, வினிகர் எல்லாமே ஓட்டின் சுண்ணாம்பைக் கரைத்து, குமிழின் முனையை முதலில் தின்றுவிடும்.

வெர்னியர் காலிப்பரால் நான்கு அளவு: மொத்த விட்டம், நடுக்குழியின் அகலம், கடைசிச் சுருளின் உயரம், தடிமன். தடிமனை உயரத்தால் வகுங்கள். 1-க்குக் கீழே எவ்வளவு இறங்குகிறதோ அவ்வளவு மெலிவு. ஆனால் 20 மில்லிமீட்டர் குட்டியை 60 மில்லிமீட்டர் முதிர்ந்ததோடு ஒப்பிட்டால் கணக்கு வீண். வளர வளர உருவம் மாறும். ஒத்த விட்டத்தில் மட்டும் ஒப்பிடுங்கள். முதிர்ந்ததை அடையாளம் காண, ஓட்டின் உள்ளே அறைகளைப் பிரிக்கும் சுவர்களில் கடைசிச் சில நெருங்கி வந்திருக்கின்றனவா என்று பாருங்கள். பெரிய உரு, சிறிய உரு என்று முதிர்ந்தவை இரண்டாகப் பிரிந்தால் அது ஆண்–பெண் வேறுபாடாக இருக்கலாம். உடனே இரண்டு இனம் என்று எழுதிவிடக்கூடாது.

வளவில் காலை வெயில் சாய்ந்து விழும் நேரம் வரிகளைப் பார்க்கத் தோதானது. உச்சி வெளிச்சத்தில் மென்வரிகள் மறைந்துவிடும். கறுப்புத் துணியில் பரப்பி, மெலிந்ததிலிருந்து பருத்தது வரை அடுக்குங்கள். ஏமாற்றும் கல் ஒன்று கட்டாயம் வரும்: மண் பாரத்தில் நசுங்கி மெலிந்தது. வரப்பு ஒரு பக்கம் சாய்ந்திருக்கும், இரு பக்க வரிகளும் பொருந்தா. அதை வரிசையிலிருந்து எடுத்துத் தனிக் கொட்டானில் போடுங்கள். ஓடு போய், உள்ளே நிரம்பிக் கல்லான மண் (உள்வார்ப்பு) மட்டும் மிஞ்சியதில் முள் இருந்த இடம் வெறும் மேடாகத் தெரியும். அதை ஓடுள்ளதோடு சேர்த்து எண்ணினால் 'மழுங்கிய இனம்' ஒன்று புதிதாய்ப் பிறந்துவிடும்.

காரைக்குடிச் செம்புறாங்கல்லில் அம்மோனைட் தேடிப் பயனில்லை. திருச்சி தாண்டி காரை, உத்தத்தூர், கருடமங்கலம் பக்கம்தான் நம் கிரெட்டேசியஸ் கடல் கிடக்கிறது. 1860களில் தொல்லுயிர் ஆய்வாளர் ஸ்டோலிச்கா அங்கிருந்து பல இனங்களை விவரித்தார். 1890களில் கோஸ்மட் அவற்றை மறுபடி ஆராய்ந்தார். அந்தப் பெயர்களையும் இதே நான்கு அளவோடு, படுகை படுகையாக வைத்துப் பார்க்கலாம். ஒவ்வொரு கல்லோடும் ஊர், படுகை, எடுத்த தேதி எழுதிய சீட்டு இருக்கட்டும். சீட்டு இல்லாத கல்லை இந்தக் கணக்கில் சேர்க்க முடியாது.