பவளப்பாருக்குள் நுழைய வெயில் வேண்டும்

கொச்சியிலிருந்து பாய்ப்படகில் லட்சத்தீவுக்குப் புறப்படுகிறவர்கள் பெரும்பாலும் காற்றைப் பற்றித்தான் கேட்பார்கள். நான் வெயிலைப் பற்றிப் பேசுவேன். காற்று எப்படியும் கொண்டு சேர்த்துவிடும். பவளப்பாருக்குள், அதாவது தீவைச் சுற்றி நீருக்கடியில் கிடக்கும் பவளத் திட்டு வளையத்துக்குள், நுழைகிற கடைசி அரை மணி நேரம் மட்டும் சூரியன் எங்கே நிற்கிறது என்பதைப் பொறுத்தது.

எனக்கு ஊர் தூத்தூர் பக்கம், கேரள எல்லையை ஒட்டிய கடற்கரை. எங்கள் ஆட்கள் தூண்டில் போட லட்சத்தீவுக்கும் அதற்கு அப்பாலும் போய் வருகிறவர்கள். நான் அந்தத் தொழிலுக்குப் போகாமல், கொச்சியில் சொந்தப் பாய்ப்படகு வைத்திருப்பவர்களிடம் சம்பளத்துக்குப் படகு ஓட்டுகிறேன். படகு 12 மீட்டர் நீளம் இருக்கும். அடியில் நீட்டிக்கொண்டிருக்கும் கீல் என்ற தகடு 1.8 மீட்டர் தண்ணீருக்குள் இறங்கியிருக்கும். வள்ளத்தை அலையோடு அப்படியே மணலில் ஏற்றிவிடும் ஊரில் பிறந்தவனுக்கு அந்த 1.8 மீட்டர் புதுப் பாடம்.

அனுமதிச் சீட்டெல்லாம் முன்பே வாங்கியாக வேண்டும், கச்சான் என்ற தென்மேற்குக் காற்று அடிக்கும் ஜூன் முதல் செப்டம்பர் வரை அந்தப் பக்கமே போகக் கூடாது. இது எல்லோருக்கும் தெரிந்ததுதான். கொச்சியிலிருந்து கவரத்தி சுமார் 400 கிலோமீட்டர். 5 நாட் (மணிக்குச் சுமார் 9 கிலோமீட்டர்) வேகத்தில் போனால் ஏறக்குறைய இரண்டு பகல், இரண்டு இரவு. அங்கே தீவுகள் பெரும்பாலும் பவள வளையத்தின் கிழக்கு விளிம்பில் கிடக்கின்றன, காயல், அதாவது வளையத்துக்குள் இருக்கும் ஆழம் குறைந்த கடல், மேற்கே. கிழக்கிலிருந்து வருகிற நாம் தீவைச் சுற்றிக்கொண்டு மேற்குப் பக்கம் போய், கிழக்கு நோக்கி நுழைய வேண்டியிருக்கும். காலை எட்டு மணிக்கு அப்படி நுழைந்தால் வெயில் நேராகக் கண்ணில் அடிக்கும். தண்ணீர் முழுக்க வெள்ளித் தகடு, அடியில் ஒன்றும் தெரியாது. நண்பகல் தாண்டி சூரியன் முதுகுப் பக்கம் வந்ததும் அதே தண்ணீர் திறந்துகொள்ளும். மூன்று மணிக்கு மேல் வெளிச்சம் சாய ஆரம்பித்தால் நிறம் மங்கிவிடும். அந்த இரண்டு, மூன்று மணி நேரத்துக்காகத்தான் கொச்சியில் கிளம்பும் நேரத்தையே கணக்குப் போடுகிறோம்.

நுழையும்போது என் இடம் அணியம், படகின் முன்முனை. போலராய்டு கண்ணாடி போட்டுக்கொண்டு, முன்கயிற்றைப் பிடித்தபடி நிற்பேன். கருநீலம் என்றால் ஆழம். நீலம் வெளுத்துப் பச்சை கலந்தால் சில மீட்டர். பச்சையும் வெளுத்து மணல் தெரிந்தால் கீலுக்கு ஆபத்து. பழுப்பு, மஞ்சள் கலந்த திட்டு என்றால் பவளம், அதற்குப் பக்கத்திலேயே போகக் கூடாது. லேசான காற்றில் மேல்தண்ணீர் சிலிர்த்திருந்தால் நன்றாகத் தெரியும். காற்றே இல்லாமல் கண்ணாடியாகக் கிடந்தால் வானம்தான் தெரியும்.

மேகம் வந்துவிட்டால்தான் குழப்பம். அதன் நிழல் பவளத் திட்டு மாதிரியே கறுப்பாக விழும். சுக்கானில் நிற்கும் அண்ணன் பல வருடம் சுறா வேட்டைக்குப் போனவர். ஒருமுறை நான் கையை உயர்த்தி நிறுத்தச் சொன்னபோது, "கொஞ்சம் பொறு மக்களே. நிழலுன்னா ஓடும், பாருன்னா அங்கேயே கிடக்கும்" என்றார். என்ஜினை மெல்ல ஓடவிட்டுக் காத்திருந்தோம். கறுப்பு மெதுவாக இடப்பக்கம் நகர்ந்து போனது.

கை காட்டுவதிலும் ஒரு பேச்சு வைத்திருக்கிறோம். என்ஜின் சத்தத்தில் கத்தினால் கேட்காது. பாறை இருக்கும் பக்கத்தை நான் காட்டவே மாட்டேன், போக வேண்டிய பக்கத்தை மட்டும்தான் காட்டுவேன். இதைக் கரையிலேயே பேசி முடிக்காத படகில் ஒருவன் காட்டுவதை இன்னொருவன் தலைகீழாகப் புரிந்துகொள்வான்.

கருவிகளை நான் குறைத்துச் சொல்லவில்லை. செயற்கைக்கோள் படத்தைப் போகும் முன்பே பார்த்து வைப்போம். ஒலியால் ஆழம் அளக்கும் எக்கோ சவுண்டர் எப்போதும் ஓடும். ஆனால் அது படகுக்குக் கீழே உள்ளதைச் சொல்லுமே தவிர, முன்னால் உள்ளதைச் சொல்லாது. பவளப்பார் வெளிப்பக்கம் கிணற்றுச் சுவர் போல எழும்புகிறது. அடி எட்டாமல் இருந்த சவுண்டரில் எண் தெரிய ஆரம்பிக்கும்போது திரும்ப நேரம் இருக்காது. பழைய அளவையை வைத்து வரைந்த வரைபடங்களில் பார் அதன் உண்மையான இடத்திலிருந்து தள்ளியிருப்பதும் உண்டு. 2014 நவம்பர் 29 இரவு, உலகைச் சுற்றும் வோல்வோ பாய்ப்படகுப் பந்தயத்தில் ஓடிய வெஸ்டாஸ் விண்ட் படகு மொரீஷியஸுக்கு வடகிழக்கே கார்கடோஸ் கராஜோஸ் பாரில் முழு வேகத்தில் ஏறியது. திரையில் வரைபடத்தைப் பெரிதாக்கிப் பார்த்திருந்தால் மட்டுமே அந்தப் பார் சரியாகத் தெரிந்திருக்கும். ஒன்பது பேரும் பிழைத்தார்கள். உலகத் தரமான ஆட்கள், உலகத் தரமான கருவி. அந்தச் செய்தியை நான் படகில் வருகிற ஒவ்வொருவரிடமும் சொல்கிறேன்.

இந்த வேலையில் எனக்குக் கடினமாகப் படுவது, களைத்துப்போன ஆட்களிடம் "இன்றைக்கு வேண்டாம்" என்று சொல்வதுதான். ஒரு பயணத்தில் எதிர்க்காற்றால் தாமதமாகி, பாரின் வாய்க்கு வந்தபோது ஐந்தரை மணி. தீவில் தென்னை தெரிகிறது, அலை உடையும் சத்தம் கேட்கிறது. உரிமையாளருக்கு இரண்டு நாளாகத் தூக்கமில்லை. "அரை மணி நேரம்தானே, ஜிபிஎஸ் இருக்கே" என்றார். அண்ணன் குரலை உயர்த்தவில்லை. "சார், நாம எங்க நிக்கோம்னு அது சொல்லும். பார் எங்க நிக்குன்னு சொல்லாது" என்றார். அப்புறம் படகைத் திருப்பி, பாரிலிருந்து பல மைல் விலகிப் போனோம். அங்கே ஆழம் அதிகம், நங்கூரம் போட வழியில்லை. பெரிய பாயைச் சுருக்கி, முன்பாயை எதிர்ப்பக்கம் இழுத்துக் கட்டி, சுக்கானைப் பூட்டினோம். அப்படிச் செய்தால் படகு முன்னேறாமல் மெதுவாக ஒதுங்கிக்கொண்டே இருக்கும். இரவு முழுக்க மாற்றி மாற்றிக் காவல். உரிமையாளர் முகம் கொடுத்துப் பேசவில்லை. மறுநாள் மதியம், கடல் ஏற்றத்தில் தண்ணீர் ஏறிக்கொண்டிருந்த நேரத்தில் உள்ளே போனோம். வாயின் நடுவிலேயே ஒரு பழுப்புத் திட்டு கிடந்தது, வரைபடத்தில் இல்லாதது. அதற்கு வலப்பக்கம் கை காட்டினேன்.

உள்ளே போனதும் வெள்ளை மணல் தேடித்தான் நங்கூரம் போடுவோம். போட்டதும் நான் இறங்கி நீந்திப் பார்ப்பேன். 1998, 2010, 2016 ஆண்டுகளில் கடல் சூடாகி வெளுத்துச் செத்த பவளம் நிறைய, மிச்சம் உள்ளதைச் சங்கிலி அரைக்கக் கூடாது. சங்கிலி பவளத்தில் கிடந்தால் நங்கூரத்தைத் திரும்பத் தூக்கி இடம் மாற்றுவோம், எவ்வளவு அலுப்பாக இருந்தாலும் சரி.