பையில் என்ன வைத்திருக்கிறாய்?

என் ஸ்பானிஷ் வகுப்பில், பையில் இருப்பதைச் சொல்லும் பயிற்சியில், "நோ யேபோ நாதா" என்று அந்த மாணவர் சொன்னபோதே நான் அடுத்தவரிடம் போயிருக்க வேண்டும். நான் எதுவும் எடுத்து வரவில்லை என்று அர்த்தம். பிசகே இல்லாத ஸ்பானிஷ் வாக்கியம். எதுவுமில்லை என்ற நாதா வினைக்குப் பின்னால் வந்தால் முன்னால் ஒரு நோ கட்டாயம் வேண்டும், புதிதாகப் படிப்பவர்கள் அதைத்தான் விட்டுவிடுவார்கள், அவர் விடவில்லை.

ஆனால் பை புடைத்துக்கொண்டிருந்தது. "வாக்கியம் சரி, இப்போது உண்மையைச் சொல்லுங்கள்" என்றேன். இத்தனைக்கும் முதல் வகுப்பிலேயே நான் சொல்வது, இங்கே பொய் சொல்லலாம், பையில் யானை இருக்கிறது என்றுகூடச் சொல்லலாம், வினைச்சொல் சரியாக இருந்தால் போதும் என்று.

அவர் திறந்தார். குடை வந்தது. பராகுவாஸ், ஒருமைக்கும் பன்மைக்கும் ஒரே வடிவம் என்று விளக்கினேன். மூக்குக்கண்ணாடி வந்தது, ஸ்பெயினில் காஃபாஸ், லத்தீன் அமெரிக்காவில் பல இடங்களில் லென்தெஸ் என்று விளக்கினேன். அப்புறம் மடித்த இரண்டு சட்டை, ஒரு துண்டு, டூத் பிரஷ். வகுப்பே ஒவ்வொரு சொல்லையும் சேர்ந்து சொன்னது. யாரோ "போர் கே?", ஏன் என்று கேட்டார்கள். "போர் சி அகாசோ" என்றார். எதற்கும் இருக்கட்டும் என்று. போன வாரம் நான் சொல்லிக்கொடுத்த தொடர். எனக்கு அவ்வளவு சந்தோஷம், பலகையில் பெரிதாக எழுதி எல்லாரையும் மூன்று முறை சொல்ல வைத்தேன். அவர் தலை நிமிராமல் துண்டை மறுபடி மடித்துக்கொண்டிருந்தார்.

கேட்பதுதானே என் வேலை? வெளியூரில் பையைத் தொலைத்தால் காவல் நிலையத்தில் இதைத்தான் கேட்பார்கள். கார்தேரா என்றால் ஸ்பெயினில் பர்ஸ், வேறு சில நாடுகளில் பெண்களின் கைப்பை, அங்கே போய் மாற்றிச் சொன்னால் சிக்கல்தான். ஆனால் காவல் நிலையத்தில்கூட உஸ்தேத், நீங்கள் என்று மரியாதையாகக் கேட்பார்கள். நான் கேட்டது "கே யேபாஸ் என் லா மொச்சிலா?", பையில் என்ன வைத்திருக்கிறாய், அதாவது நீ போட்டு. தமிழில் அவரை நீங்கள் என்றுதான் கூப்பிடுவேன், அவர் பையில் என்ன இருக்கிறது என்று கேட்கும் துணிச்சல் எனக்கு ஒருநாளும் வந்திருக்காது. வேற்று மொழியில் கேட்டால் அது கேள்வியாகவே தெரிவதில்லை, பயிற்சியாகிவிடுகிறது.

ஏதோ பயணமாகவும் இருந்திருக்கலாம், இரவுப் பணியாகவும் இருக்கலாம். அதற்குப் பிறகும் இரண்டு வகுப்புக்கு வந்தார், எப்போதும்போல வணக்கம் சொன்னார். நான் எதுவும் கேட்கவில்லை. அது மரியாதையா, பதில் தெரிந்துவிடுமோ என்ற பயமா, இன்றைக்கும் பிரித்துச் சொல்ல முடியவில்லை. யேபார் என்ற அந்த வினையை எடுத்துச் செல்வதற்கும் உடுத்துவதற்கும் மட்டுமில்லை, ஒரு நிலையில் எத்தனை காலமாக இருக்கிறோம் என்பதற்கும் பயன்படுத்துவார்கள். "யேபோ தோஸ் மேசெஸ் அசி", இரண்டு மாதமாக இப்படி இருக்கிறேன். அடுத்த பாடம் அதுதான். அவரைப் பார்த்து அந்த உதாரணத்தைச் சொல்ல வாய் வரவில்லை, வேறு உதாரணம் போட்டேன்.

இப்போது என் பையை மேசைமேல் வைத்து அவர்களைக் கேட்கச் சொல்கிறேன். வகுப்பில் பழைய கலகலப்பு இல்லை, சொற்களும் முன்புபோல மனதில் நிற்பதில்லை, அது எனக்கே தெரிகிறது. போன வாரம் ஒரு மாணவி "கே மாஸ்?", வேறென்ன என்று விடாமல் கேட்டாள். உள் ஜிப்பின் மேல் கையை வைத்துக்கொண்டு "நாதா மாஸ்" என்றேன். வேறொன்றுமில்லை. அவள் அதைக் குறித்துக்கொண்டு அடுத்த கேள்விக்குப் போனாள்.