ஆளுமைத் தேர்வுக்கு முன் யாரிடம் எதைக் கேட்பது?

குடிமைப் பணிகள் தேர்வில் முதன்மை எழுத்துத் தேர்வுக்கு 1750 மதிப்பெண்ணும், அதன்பின் நேர்முகமாக நடக்கும் ஆளுமைத் தேர்வுக்கு 275 மதிப்பெண்ணும் உண்டு. இந்த 275-க்குத் தயாராகும் காலத்தில், அண்ணா நகர் விடுதி அறைகளில் நான் பார்த்தவரை, பலரும் தம் பலம், பலவீனங்களைத் தாமே பட்டியலிட்டு மனப்பாடம் செய்கிறார்கள். அந்தப் பட்டியலைத் தனியாக உட்கார்ந்து எழுதாதீர்கள். அதற்காக, எல்லாவற்றையும் எல்லோரிடமும் கேட்பதும் வீண்.

உளவியலை விருப்பப் பாடமாக எடுத்திருந்த எனக்கு, உளவியலாளர் சிமின் வசீர் 2010-இல் வெளியிட்ட ஆய்வு இதில் கைகொடுத்தது. ஒருவர் தம்மைப் பற்றியும், நண்பர்களும் அறிமுகமற்றவர்களும் அவரைப் பற்றியும் தந்த மதிப்பீடுகளை, ஆய்வகச் சோதனைகளில் அவர் வெளிப்படுத்திய இயல்போடு ஒப்பிட்ட அந்த ஆய்வில், பதற்றம் போன்று உள்ளுக்குள் நிகழ்வதை அவரவரே நன்கு அறிந்திருந்தனர். அறிவுத்திறன் போன்று தன்மதிப்போடு பின்னிக் கிடப்பதை நண்பர்களே சரியாகக் கணித்தனர். கலகலப்பையோ மூன்று தரப்பும் ஏறக்குறைய ஒன்றுபோல் கண்டுகொண்டன.

என் அறைத் தோழர் 'பொறுமையாகக் கேட்பேன்' என்று தம் பட்டியலில் எழுதியிருந்தார். "நான் எப்படிப்பட்டவன்?" என்று அவர் கேட்டிருந்தால் "உனக்கென்னடா" என்று சொல்லிவிட்டுப் போயிருப்போம். "நேற்றைய விவாதத்தில் யாரையாவது இடைமறித்தேனா?" என்று கேட்டதால்தான், எதிரே இருப்பவர் முடிக்கும் முன்பே அவர் "சரி, ஆனா..." என்று தொடங்கிவிடுவதைச் சொல்ல முடிந்தது. மாதிரி நேர்முகத் தேர்வின் காணொளியிலும் அந்தச் "சரி, ஆனா..." தெளிவாகக் கேட்டது. மறுபுறம், அவர் பதறவே மாட்டார் என்று நாங்கள் நினைத்திருக்க, அறைக்குள் நுழைகையில் கை வியர்ப்பதாகவும் முதல் கேள்வி காதில் விழுவதே இல்லை என்றும் அவர் சொன்னார். அதில் அவர் பேச்சையே நம்பி, உள்ளே நுழைவது முதல் முதல் பதில் வரையிலான பகுதியையே திரும்பத் திரும்பப் பயிற்சி செய்ய வைத்தோம்.

கேட்பதற்கு உங்களுடன் சேர்ந்து படித்தவர் ஒருவரும், வேலை பார்த்தவர் ஒருவரும் போதும். வீட்டார் பெரும்பாலும் பாசத்தில் பூசி மெழுகுவார்கள். மாதிரி நேர்முகத் தேர்வை நடத்தும் குழுவினர் உங்களைப் பார்ப்பது அரை மணி நேரமே என்பதால், குரல், வேகம், அமரும் விதம் பற்றி அவர்கள் சொல்வதை அப்படியே ஏற்கலாம். உங்கள் நேர்மை, முடிவெடுக்கும் திறன் பற்றிய அவர்களின் தீர்ப்பை மட்டும், உங்களுடன் பழகியவரிடம் காட்டிக் கேட்ட பிறகு பட்டியலில் சேருங்கள்.