நீல ஒளியால் இயங்கும் வேதிவினை ஓடவில்லையா?
விளைச்சல் குறைந்தால் முதலில் சந்தேகப்பட வேண்டியது ஆக்சிஜனை. நீல ஒளியை உறிஞ்சி வினையை நடத்தும் ருத்தேனியம் பைபிரிடின் வினையூக்கியின் கிளர்வு நிலைக்கு (ஒளி ஆற்றலை ஏந்தி நிற்கும் நிலை) ஆயுளே சுமார் 1 மைக்ரோவினாடி. அதற்குள் ஆக்சிஜன் அதை அணைத்துவிடும். ஆக்சிஜனை வெளியேற்ற, வினைக் கரைசலைத் திரவ நைட்ரஜனில் உறையவைத்து, வெற்றிடம் இழுத்து, உருக்குங்கள், 3 முறை. குழாய் திரவ நைட்ரஜனில் உறைந்திருக்கும்போது ஆர்கான் வாயுவைத் திறக்கவே கூடாது! உள்ளே திரவமாகித் தங்கி, சூடானதும் குழாயை வெடிக்க வைக்கும்.

அடுத்து ஒளி புகும் ஆழம். இந்த வினையூக்கியின் 1 மில்லிமோலார் கரைசலில் 450 நானோமீட்டர் ஒளியில் 95 சதவீதத்துக்கு மேல் முதல் 1 மி.மீ.யிலேயே உறிஞ்சப்படுகிறது. ஆகவே ஒல்லியான குழாய், வேகமான கலக்கல். பெரிய குடுவை வேண்டாம்.

சென்னை மே மாதத்தில் எல்.இ.டி.க்கு மின்விசிறி கட்டாயம். அதே கலவையுடன், ஒளி புகாதபடி அலுமினியத் தாள் சுற்றிய இன்னொரு குழாயை அதே வெப்பநிலையில் பக்கத்திலேயே வையுங்கள். அதிலும் விளைபொருள் வந்தால் வேலை செய்தது ஒளி அல்ல, சூடாக இருக்கலாம்.