ஏலக்காய் ஷெட்டில் பத்துப் படங்கள்

மெஷின் ஓடுகிறவரை எங்கள் ஷெட்டில் ஒருத்தர் பேசுவது அடுத்தவர் காதில் விழாது. கரண்ட் போனால்தான் பேச்சு. இடுக்கிப் பக்கம் மழைக்காலத்தில் கரண்ட் போகப் பெரிய காரணம் எதுவும் வேண்டாம். எங்கோ ஒரு பலாக்கிளை முறிந்து கம்பியில் விழுந்தால் போதும். 2024 ஜூலையில் ஒரு நாள் காலை பத்து மணிக்குப் போன கரண்ட், மூன்று மணிவரை வரவில்லை. அன்றைக்கு ஆரம்பித்ததுதான் இந்தப் பட லிஸ்ட்.

நான் கம்பத்துக்காரன். கம்பம்மெட்டு வழியாக மலையேறிப் போய், வண்டன்மேட்டுப் பக்கம் ஒரு ஏலக்காய் வியாபாரியிடம் கணக்கு எழுதுகிறேன். பதினோரு வருசம் ஆகிறது. ஷெட்டில் தரம் பிரிக்கிற பெண்கள் எல்லாருமே கம்பம், கூடலூர்ப் பக்கமிருந்து ஜீப்பில் வருகிறவர்கள். விடியுமுன் சோறாக்கி, தூக்குவாளியில் அடைத்துக்கொண்டு, ஒரு ஜீப்பில் எத்தனை பேர் ஏற முடியுமோ அதற்கும் மேலே நாலு பேராக ஏறி வருவார்கள். மேற்பார்வை பார்க்கிற சேட்டன் கட்டப்பனைக்காரர். முப்பது வருசமாக எங்கள் ஆட்களோடு இருப்பதால் அவர் தமிழ் நன்றாகவே பேசுவார். கோபம் வந்தால் மட்டும் மலையாளத்துக்குப் போய்விடுவார்.

பேச்சைத் தொடங்கியது 'மஞ்சும்மல் பாய்ஸ்'. அந்த வருசம் பிப்ரவரியில் வந்த படம். டப்பிங் இல்லாமல் மலையாளத்திலேயே தமிழ்நாட்டுத் தியேட்டர்களில் கூட்டம் அள்ளியது. சேட்டனுக்கு அதில் பெருமை தாங்கவில்லை. நாலு மாசம் கழித்தும், "உங்க ஊர்ல எங்க படம் ஓடுதில்ல?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார்.

முறத்தைக் கீழே வைக்காமலே கூடலூர் அக்கா பதில் சொன்னார். "பாட்டு எங்க ராசா போட்ட பாட்டு. பையன் விழுந்த குழியும் எங்க கொடைக்கானல் குழி. உங்களுது என்ன சேட்டா இருக்கு அதுல?"

"விழுந்தவன் எங்க பையன்" என்றார் சேட்டன்.

ஷெட்டே சிரித்தது. அக்கா சொன்னதிலும் ஒரு நியாயம் இருந்தது. 1991இல் வந்த 'குணா'வின் பாட்டை வைத்துத்தான் அந்தப் படமே நிமிர்ந்து நிற்கிறது. அந்தப் பாட்டைப் போட்டவரின் பண்ணைப்புரம் எங்கள் மாவட்டம். இளையராஜாவைப் பற்றிப் பேசினால் எங்கள் பெண்கள் சொந்தத் தாய்மாமனைப் பற்றிப் பேசுகிற உரிமையோடுதான் பேசுவார்கள்.

இப்படிப் பேசிக்கொண்டிருந்தால் தீராது, ஆளுக்குப் பத்துப் படம் சொல்லட்டும், எழுதிப் பார்த்துவிடலாம் என்றார் சேட்டன். எழுத என்னைவிட்டால் ஆள் ஏது? ஸ்டாக் ரிஜிஸ்டரின் கடைசிப் பக்கத்தைத் திருப்பினேன்.

சேட்டன் முதலில் சொன்னது 'கிரீடம்', 1989. மகன் எஸ்.ஐ. ஆக வேண்டும் என்று கனவு காண்கிற போலீஸ்கார அப்பா. அந்த அப்பாவைக் காப்பாற்றப் போய் ரவுடி என்று பெயரெடுத்துவிடுகிற மகன். கதையைச் சொல்லும்போதே சேட்டனுக்குக் குரல் கம்மியது. தமிழில் 2007இல் அதே பெயரில் எடுத்தார்களே, பார்த்தீர்களா என்றேன். பார்க்கவில்லையாம், பார்க்கவும் மாட்டாராம். இரண்டாவதாக என்ன சொல்லப்போகிறார் என்று பேனாவைப் பிடித்துக்கொண்டிருந்தேன். "கரகாட்டக்காரன்" என்றார். அதுவும் 1989. மலைக்கு மேலிருந்து ஜீப் பிடித்துக் கம்பத்துக்கு இறங்கி மூன்று தடவை பார்த்தாராம். மூன்றாவதுதான் 'செம்மீன்'.

எனக்குப் பொறுக்கவில்லை. 1965இல் வந்த படம், தென்னிந்தியாவுக்கே முதல் தடவையாக ஜனாதிபதியின் தங்கப் பதக்கம் வாங்கிக் கொடுத்த படம், அதைப் போய் 'கரகாட்டக்கார'னுக்குக் கீழே வைக்கிறீர்களே என்றேன்.

"செம்மீன் பெரிய படம்தான் தம்பி. அதுல வாழைப்பழம் இல்லையே?"

அதற்கு என்னிடம் பதில் இல்லை. வரிசையை அவர் சொன்னபடியே எழுதினேன்.

நாலாவதாக அவர் 'மணிச்சித்ரதாழ்' என்றதும் பெரிய சண்டையே வந்துவிட்டது. பெண்களில் பாதிப் பேர் 'சந்திரமுகி'க் கட்சி. 1993இல் வந்ததுதான் மூலம், நீங்கள் 2005இல் பார்த்தது நகல் என்று சேட்டன் விளக்கிப் பார்த்தார், அது எடுபடவில்லை. நானும் இடையில் புகுந்து, அந்த மலையாளப் படத்தின் சில காட்சிகளை எடுத்த பத்மநாபபுரம் அரண்மனை கன்னியாகுமரி மாவட்டத்தில்தான் இருக்கிறது, ஆனால் அரண்மனையைப் பராமரிப்பது கேரள அரசு என்று எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். இரண்டு பக்கத்துக்கும் அது பிடிக்கவில்லை. கடைசியில் ஒரு சின்னப் பொண்ணு, வேலைக்குச் சேர்ந்து ஆறு மாசம்கூட ஆகாதது, ஒரு கேள்வி கேட்டது: "மலையாளப் படம்னா எல்லாரும் மலையாளம் பேசுறாங்க. அந்தப் பேய் மட்டும் ஏன் சேட்டா தமிழ் பேசுது?"

நாகவல்லி தஞ்சாவூரிலிருந்து வந்த நாட்டியக்காரி, அதனால்தான் என்றார் சேட்டன். "ஓ, பிழைக்கப் போன எடத்துல செத்துப் பேயானவளா" என்று சொல்லிவிட்டு அந்தப் பொண்ணு முறத்தைத் தட்டியது. அதற்கப்புறம் கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. பேய் தமிழ் பேசுவதை வெறும் கதையாகவே எடுத்துக்கொண்டு இத்தனை வருசம் பார்த்துவிட்டேனே என்று எனக்குத் தோன்றியது.

ஒரு படத்தைப் பற்றி மட்டும் எங்கள் ஷெட்டில் பேச்சே எழாது. 2011 நவம்பரில் வந்த 'டேம் 999'. அணை உடைகிற கதை. அதைத் தமிழ்நாட்டில் திரையிடத் தடை. அடுத்த மாசம் முல்லைப் பெரியாறு கலவரத்தில் குமுளி வழி அடைபட்டது, ஜீப்புகள் நின்றன. அக்காவும் அவர் தெருப் பெண்களும் வேலையில்லாமல் வீட்டில் இருந்த நாட்கள் அவை. இங்கே அந்தப் படத்தைப் பார்த்தவர் ஒருத்தரும் இல்லை, பெயரை மறந்தவரும் இல்லை.

சரி, என் லிஸ்டுக்கு வருகிறேன். 'பதேர் பாஞ்சாலி'யை முதலில் போட்டேன். இரண்டாவது 'நிர்மால்யம்', மூன்றாவது 'மூன்றாம் பிறை'. ஒவ்வொன்றாக வாசித்துக்கொண்டே எழுதினேன். ஒன்பதாவதாகத்தான் தயங்கித் தயங்கி 'சுப்ரமணியபுரம்' என்றேன்.

இந்த இடத்தில் என் தொழிலைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். தோட்டத்தில் பறிக்கிற பச்சைக்காய் ஐந்து கிலோவை ஸ்டோரில் போட்டு உலர்த்தினால் ஒரு கிலோ காய்ந்த காய் கிடைக்கும். அது எங்களிடம் மூட்டையாக வரும், சலிப்போம். எட்டு மில்லிமீட்டர் சல்லடையில் விழாமல் மேலே நிற்பதுதான் முதல் தரம். அதற்குப் பிறகும் கையால் பொறுக்க வேண்டும்: வெடித்தது, பூச்சி துளைத்தது, நிறம் வெளுத்தது. இதையெல்லாம் மெஷின் பார்க்கும் என்பார்கள். எங்கள் பெண்களின் விரல் பார்க்கிற அளவுக்கு மெஷின் பார்ப்பதில்லை. அப்புறம் புற்றடியிலோ போடியிலோ ஏலத்துக்குப் போகும்போது வாங்குகிறவர் பார்க்கச் சாம்பிள் வைப்பார்கள். ஒரு குவியலின் முகம் எப்படி இருக்கும், உள்ளே எப்படி இருக்கும் என்பது இந்தத் தொழிலில் இருக்கிற எல்லாருக்கும் தெரியும். அனுபவமுள்ள வியாபாரி சாம்பிளை மேலாகப் பார்க்க மாட்டார். கையை விட்டு அடியிலிருந்து ஒரு பிடி அள்ளுவார்.

அக்காவும் அதைத்தான் செய்தார். "முதல்ல ஒரு படம் சொன்னீயே தம்பி, வங்காளத்துப் படம். அத எத்தன தடவ பாத்த?"

"ஒரு தடவ" என்றேன்.

"முழுசா?"

பொய் சொல்லியிருக்கலாம். சொல்ல வரவில்லை. பாதிவரை போனில் பார்த்திருந்தேன், தூங்கிவிட்டேன். அதை ஒப்புக்கொண்டதும், கரண்ட் வந்த மாதிரி ஷெட்டில் ஒரே இரைச்சல். சேட்டன் என் தோளைத் தட்டி, "சாரமில்லா, சாரமில்லா" என்றார், பரவாயில்லை என்று.

அக்கா தன் பங்குக்கு மூன்று படம்தான் சொன்னார். 'முள்ளும் மலரும்', 'கிழக்குச் சீமையிலே', 'கரகாட்டக்காரன்'. இரண்டு அண்ணன் தங்கச்சிக் கதை, ஒன்று கூத்துக் கதை. பத்து வேண்டுமே என்றதற்கு, "டிவில அந்தப் படம் ஓடயில அடுப்புல கொழம்பு அடிப்பிடிக்கணும். அதுதான் பிடிச்ச படம். எனக்கு மூணு தடவதான் அடிப்பிடிச்சிருக்கு" என்றார். 'முள்ளும் மலரும்' பட்டியலில் இருப்பதற்கு எனக்கு வேறு ஒரு காரணமும் தெரிந்தது. அதில் வருகிற காளி வின்ச் ஆபரேட்டர். லாரி ஏறிக் கை போனவன். எங்கள் பெண்களுக்கு அப்படி அடிபட்ட ஆணைத் தெரியும். ஒவ்வொரு தெருவிலும் ஒருத்தர் இருக்கிறார்.

அன்றைக்கு அக்கா சொல்லாமல் விட்ட ஒரு படத்தை அடுத்த வாரம் நானே காட்டினேன். 'மேற்குத் தொடர்ச்சி மலை', 2018. எங்கள் மலையை, எங்கள் ஏலக்காயை, கால்காணி நிலம் வாங்கத் துடிக்கிற கூலிக்காரனை வைத்து எடுத்த படம். நான் அதை என் லிஸ்டில் நாலாவதாகப் போட்டிருந்தேன். அதற்காவது ஒரு சபாஷ் கிடைக்கும் என்ற நினைப்பு. சாப்பாட்டு நேரத்தில் போனைச் சல்லடையில் சாய்த்து வைத்து ஐந்தாறு பேர் பார்த்தார்கள். மலைப்பாதையில் மூட்டையைச் சுமந்து நடக்கிற காட்சி வரும்வரை, மூட்டையைக் கட்டினது சரியா, தலைச்சும்மாடு சரியா என்று குற்றம் பார்த்துக்கொண்டே இருந்தார்கள். ஏலக்காய் மூட்டை பிரிந்து மலைச்சரிவில் சிதறியபோது அக்கா வாயில் வைத்த சோற்றை மெல்லவில்லை.

"எத்தன கிலோ இருக்கும்?" என்றார்.

யாரோ ஒரு கணக்குச் சொன்னார்கள். 2019 ஆகஸ்டில் புற்றடி ஏலத்தில் கிலோ 7,000 ரூபாய் தொட்டதே, அந்த வருசம் மட்டும் இப்படிச் சிதறியிருந்தால் என்று சேட்டன் இழுத்தார். அக்கா போனை அணைத்துவிட்டார். மிச்சத்தைப் பார்க்கவில்லை. "இது எங்க பொழப்பு. இதப் பாக்கவா வேலைய முடிச்சிட்டு வீட்டுக்குப் போறேன்?" என்றார். நல்ல படம் இல்லையா என்று கேட்டேன். "நல்ல படம்தான். என் லிஸ்டுல வேணாம்."

எனக்கு இன்றும் அந்தப் படம் நாலாவதுதான். அக்கா சொன்னதையும் தவறு என்று சொல்ல மாட்டேன்.

ஆகஸ்டில் ஒரு மத்தியானம். பருவத்தின் முதல் பறிப்பு தோட்டங்களில் தொடங்கியிருந்தாலும் ஷெட்டுக்கு மூட்டை வந்து சேரவில்லை. வேலை மந்தம். "தம்பி, அந்தப் பாதிப் படத்த எடு" என்றார் அக்கா. எனக்கு வெட்கமாகத்தான் இருந்தது. முதலிலிருந்து போட்டேன். வங்க மொழி எனக்கும் தெரியாது, அவருக்கும் தெரியாது. சப்டைட்டிலை நான் தமிழில் சொல்லிக்கொண்டே வந்தேன். கொஞ்ச நேரத்தில், "சொல்லாத, புரியுது" என்றார்.

அந்தப் படத்தில் ஒரு கிழவி. கூன் விழுந்து, பொக்கை வாயோடு, ஒரு கந்தல் சேலையும் ஒரு செம்பும் ஒரு மூட்டையுமாக, யார் வீட்டுத் திண்ணையிலாவது ஒதுங்குகிறவள். நடித்தவர் சுனிபாலா தேவி. 1955இல் படம் வெளிவருவதற்கு முன்பே இறந்துபோனார். வீட்டுக்காரி விரட்டினால் மூட்டையைத் தூக்கிக்கொண்டு போவாள், இரண்டு நாளில் திரும்பி வருவாள், ஒன்றும் நடக்காத மாதிரி செடிக்குத் தண்ணீர் ஊற்றுவாள். அக்கா முறத்தை மடியில் வைத்துக்கொண்டே பார்த்தார். விரல்கள் மட்டும் காயைப் பொறுக்கிக்கொண்டிருந்தன; கண் முறத்தில் இல்லை. பிள்ளைகள் இரண்டும் மூங்கில் தோப்பில் உட்கார்ந்திருக்கிற கிழவியைக் கண்டு, சின்னப்பெண் தொட்டு அசைக்க, அவள் அப்படியே சாய, செம்பு உருண்டு போய்த் தண்ணீரில் விழும். அந்த இடத்தில் விரல்களும் நின்றுவிட்டன.

நான் முதல் தடவை தூங்கியது இதற்குக் கொஞ்சம் முன்னால்தான்.

இதற்கப்புறம் மழையெல்லாம் இருக்கிறது என்று சொல்லிப் பார்த்தேன். "கெழவி போனதுக்கப்புறம் எனக்கென்ன அங்க" என்று எழுந்து, முறத்திலிருந்ததைத் தட்டில் கொட்டினார். வெடித்த காயும் நல்ல காயும் கலந்து கிடந்தன. திரும்ப உட்கார்ந்து முதலிலிருந்து பொறுக்க ஆரம்பித்தார்.

மிச்சப் படத்தை அன்று ராத்திரி கம்பத்தில் நான் தனியாகப் பார்த்து முடித்தேன். மறுநாள் ரிஜிஸ்டரைத் திறந்தால், அக்கா பெயருக்குக் கீழே நாலாவது எண் போட்டு யாரோ எழுதியிருந்தார்கள், கோணல் எழுத்தில்: 'கெழவி படம், பாதி'.